வடக்குக் கயிறு வாயை மூடிய கதை

எங்கள் குப்பத்தில் என் வலது கை இரண்டு முறை முளைத்தது. முதல் தடவை தப்பாக முளைத்தது, இரண்டாம் தடவை சரியாக முளைத்தது. நடுவில் ஒரு சண்டை நடந்தது. கை முளைத்ததில் சொல்ல ஒன்றும் இல்லை, முளைக்கிறது என்றால் முளைக்கும். சண்டையைத்தான் சொல்ல வேண்டும்.

பூவாடிக்குப்பம் என்றால் இரண்டு தெரு. கடலைப் பார்த்து நின்றால் இடது பக்கம் வடக்குத் தெரு, வலது பக்கம் தெற்குத் தெரு, நடுவில் மணல். எங்கள் தொழில் கரைவலை. படகில் வலையை எடுத்துப்போய்க் கடலில் அரைவட்டமாக விட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரைக்குக் கொண்டுவந்து, வடக்குத் தெரு ஒரு கயிற்றையும் தெற்குத் தெரு ஒரு கயிற்றையும் பிடித்து, ஆம்பளை பொம்பளை சின்னது பெரியது எல்லாமாகச் சேர்ந்து பின்னால் நடந்து நடந்து இழுப்பார்கள். இழுக்கும்போது அம்பா என்கிற பாட்டைப் பாடுவார்கள். தெற்குக் கயிறு ஏலோ என்றால் வடக்குக் கயிறும் அதே மூச்சில் ஏலோ என்றாக வேண்டும். ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் அந்தப் பக்கம் கயிறு தொய்யும், கயிறு தொய்ந்தால் வலை கோணும், வலை கோணினால் அதன் நடுவில் பை மாதிரி இருக்கிற மடியில் விழுந்த மீன் வந்த வழியே திரும்பிப் போய்விடும், எங்கள் ஆட்களுக்குச் சட்டமும் அதுதான் சாமியும் அதுதான். அதனால் வடக்கே ஒரு மைக்செட் கட்டினால் தெற்கேயும் ஒன்று கட்டுவார்கள், தெற்கே ஒரு சாவு விழுந்தால் வடக்கிலிருந்தும் அதே அளவு சத்தத்தோடு வந்து அழுவார்கள், திருவிழாவில் ஒரு தெருவுக்குத் தொண்டை கட்டிவிட்டால் மறு தெருவும் மரியாதைக்குத் தொண்டையைக் கட்டிக்கொள்ளும். ஒரு தெரு பாட ஒரு தெரு சும்மா இருந்தது என்று ஒரு நாள்கூடக் கிடையாது.

நான் பதினொன்றாவதைப் பாதியில் விட்டுவிட்டுத் துறைமுகத்தில் ஐஸ் கொட்டகைக்கு வேலைக்குப் போனேன். ஏன் விட்டாய் என்று ஊரெல்லாம் கேட்டாயிற்று, உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். ஐஸ் கட்டியை உடைக்கிற மெஷினில் கட்டியைத் தள்ளுகிற வேலை. ஒரு நாள் கட்டியோடு கையையும் மெஷின் இழுத்துக்கொண்டது. மணிக்கட்டு வரைக்கும் போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் தைத்து, மூடி, அனுப்பிவிட்டார்கள்.

வலி போய்விடும். போகாதது வேறு. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை யாரும் ஒரு வேலை ஏவவில்லை. முன்பெல்லாம் எங்கம்மா தையல்நாயகி வாயைத் திறந்தாலே "அதை எடு, இதைப் பிடி, பேரு சௌமியாவாம், அசையிறாளா பாரு" என்றுதான் வரும். இப்போது தண்ணீர்க் குடத்தை நான் பார்த்தாலே ஓடி வந்து, "நீ வுடும்மா" என்றாள். அம்மா என்று! என்னை! ஒரு கூடைக்கு இரண்டு காது, அதைத் தூக்க இரண்டு ஆள், அந்த இரண்டாவது ஆளாக இனி ஆயுசுக்கும் நான் இல்லை என்று எல்லோரும் முடிவு பண்ணிவிட்டார்கள் என்பது அந்த 'வுடும்மா'வில் இருந்தது. எனக்குக் கை வேண்டும். பாவம் வேண்டாம்.

ஒரு நாள் வலை இழுக்கும்போது இரண்டு கயிற்றுக்கும் நடுவில் மணலில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் கரையில் எப்போதும் கடலைப் பார்த்துத்தான் உட்காருவோம். இந்தப் பக்கமும் ஏலோ, அந்தப் பக்கமும் ஏலோ. முழங்கால்மேல் கவிழ்த்து வைத்திருந்த மொட்டைக் கையின் நுனி நமநமவென்றது. தையல் பிரிந்து, பலாக்கொட்டை மாதிரி ஒரு மொட்டு எட்டிப் பார்த்தது. வலை கரையேறிப் பாட்டு நின்றதும் மொட்டும் நின்றுவிட்டது.

யாரும் அலறவில்லை. தெற்குக் கயிற்றுக்கு முன்னால் நிற்கிற காத்தமுத்துப் பெரியப்பா குனிந்து பார்த்து, "நண்டுக்கு முளைக்குது, இவளுக்கு முளைச்சா இன்னா" என்றுவிட்டு மீனைப் பிரிக்கப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வளருது. உப்புத் தண்ணி படாம பாத்துக்குங்க" என்றார். கடற்கரையில் இருக்கிறவளிடம்.

அம்பா கேட்டால் வளருகிறது என்று தெரிந்த பிறகு பஞ்சாயத்து கூடியது, எந்தத் தெரு பாடுவது என்று. தெற்குத் தெரு நான் இருக்கிற தெரு. வடக்குத் தெரு எங்கம்மா பிறந்த தெரு, அங்கே கயிற்றுக்கு முன்னால் நிற்பவர் எங்கம்மாவின் அண்ணன் தேசிங்கு மாமா. பெண் கொடுத்தவருக்கும் பங்கு உண்டு, எடுத்தவருக்கும் பங்கு உண்டு என்று பேசி, வழக்கம்போல இரண்டு தெருவும் சமமாக இரண்டு பக்கமும் உட்கார்ந்து பாடுவது என்று தீர்ந்தது.

அப்படிப் பாடினார்கள். வலை இல்லாத நேரத்திலும் சாயங்காலம் சாயங்காலம் வந்து மணலில் உட்கார்ந்து, வெறுங்கையால் கயிறு இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு பாடினார்கள். பெண்கள் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பதுபோல எனக்குச் சுறாப்புட்டு கொண்டுவந்து திணித்தார்கள், மொட்டுக்கு மஞ்சள் பூசினார்கள், மொட்டு மொச்சைக்காய் நீளம் வந்ததும் அதற்கு வளைகாப்புச் செய்தே தீருவது என்று நின்று, வளையல் போட்டால் கழன்று கழன்று விழுகிறதென்று முழங்கைக்கு மேல் ஏற்றிக் கட்டிவிட்டு, ஐந்து வகைச் சோற்றையும் அவர்களே தின்றுவிட்டுப் போனார்கள்.

எனக்கு மட்டும் ஒன்று கேட்டது. மொட்டு விட்ட கையைக் காதில் வைத்தால் உள்ளே பேசிக்கொள்கிற சத்தம். சயின்ஸ் புத்தகத்தில் அதுகளுக்கு செல் என்று பெயர் போட்டிருந்தது, நான் பொடிசுகள் என்றுதான் சொல்லுவேன். எல்லாம் ஒரே அச்சு. தனி முகம் கிடையாது, எது வேண்டுமானாலும் எலும்பாகலாம், எது வேண்டுமானாலும் நகமாகலாம், எதற்கும் தான் என்ன ஆகப்போகிறது என்று தெரியாது. பக்கத்தில் நிற்பது என்ன சொல்கிறது, பாட்டு எவ்வளவு கேட்கிறது, அதை வைத்துத்தான் ஒவ்வொன்றும் தன்னைத் தீர்மானித்தது. நுனியில் ஒரு வரிசை மட்டும் வேறெதுவும் பேசாமல் "இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது, அது சொல்லச் சொல்லப் பின்னால் நின்றதெல்லாம் ஒன்று இரண்டாகப் பெருகியது.

"உனக்கு எப்டி கேக்குது?"

"காது கிழியுது."

"அப்ப நீ சுண்டு விரலு. உனக்கு?"

"கொஞ்சம் கம்மி."

"நீ மோதிர விரலு."

"எனக்குத் தூரத்துல கேக்குது."

"நடு விரலு. அப்பால போ."

நான் இதைக் கேட்டுச் சிரித்தேனே தவிர, யோசிக்கவில்லை.

கை வந்தது. ஆறு விரல். வலது ஓரத்தில் சுண்டுவிரல், அதற்குப் பக்கத்தில் மோதிரவிரல், அப்புறம் நடுவிரல். அதற்குப் பக்கத்தில் இன்னொரு நடுவிரல், இன்னொரு மோதிரவிரல், இடது ஓரத்தில் இன்னொரு சுண்டுவிரல். கண்ணாடியில் முகம் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. கட்டைவிரல் இல்லை.

குப்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. தெற்குக்கு மூணு, வடக்குக்கு மூணு! ஆண்டவனே கை நீட்டிப் பங்கு பிரித்த மாதிரி! இதைவிட நியாயமான கையை இந்தக் கரையில் எவனும் பார்த்ததில்லை என்று பக்கத்துக் குப்பங்களிலிருந்து வேன் வைத்து வந்து பார்த்தார்கள், பஞ்சாயத்தில் சண்டை வந்தால் என்னைக் கூப்பிட்டுக் கையை மேலே தூக்கிக் காட்டச் சொன்னார்கள், பார்த்தவர்கள் வெட்கப்பட்டுச் சமாதானமாகப் போனார்கள்.

நான் ஒரு டம்ளர் தூக்கப் பார்த்தேன். விழுந்தது. கயிறு பிடித்தேன், வழுக்கியது. மீனைப் பிடித்தேன், மீன் சிரிக்காத குறை. ஆறு விரலும் ஒரே பக்கம் மடங்கினால் எதிரே வந்து பிடிக்க யார் இருக்கிறார்கள்? அம்மா அப்போதும், "நீ வுடும்மா" என்றாள்.

அன்றைக்குத்தான் யோசித்தேன். காது கிழிகிறவன் சுண்டுவிரல், தூரத்தில் கேட்கிறவன் நடுவிரல். அப்படியென்றால் கட்டைவிரல் யார்? ஒன்றுமே கேட்காதவன். எங்கள் ஆட்கள் இரண்டு பக்கமும் சமமாகப் பாடினார்கள், அந்த மொட்டுக்குள் ஒன்றும் கேட்காத இடம் என்று ஓர் இடம் இல்லவே இல்லை. ஒருத்தர் வாயை மூடியிருந்தால் எனக்குக் கட்டைவிரல் இருந்திருக்கும். பூவாடிக்குப்பத்தில் பிறந்த கைக்குக் கட்டைவிரல் வராது, அதுதான் விஷயம்.

கழுத்தளவு கோபம் எனக்கு. முட்டித் தண்ணீரில் போய் நின்று, காலைப் பிடித்தால் காலையே கழற்றிப் போட்டுவிட்டு ஓடுகிற நண்டை நினைத்துக்கொண்டு, கையைக் காதில் வைத்துச் சொன்னேன்: "தப்பு உங்க மேல இல்ல. ஆனா இது எனக்கு ஒதவாது. எறங்கிக்குங்க."

உள்ளே கொஞ்ச நேரம் கசமுசா. அப்புறம் மணிக்கட்டு ஓரமாக நின்றவை ஒவ்வொன்றாகப் பிடியை விட்டன. வலிக்கவில்லை, இரத்தம் இல்லை. கை கழன்று அலையில் விழுந்து, ஆறு விரலையும் அசைத்துக்கொண்டே போனது.

ஊர் கொதித்துப்போனது. "வடக்கு குடுத்த மூணு விரலைக் கடல்ல கடாசிட்டா!" அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். சந்தோஷமாக இருந்தது, ரொம்ப நாளாயிற்று அவள் அடித்து. ஆனால் அடித்துவிட்டு அழுதாள். "மறுக்கா முளைக்கலன்னா இன்னாடி பண்ணுவ?"

அது எனக்கும் தெரியாது. மொட்டையின் நுனி ஒவ்வொரு நாளும் இறுகிக்கொண்டே வந்தது, ஓடு இறுகுகிற நண்டு மாதிரி. காதில் வைத்தால் "இன்னும்" என்கிற வரிசை சுரத்தில்லாமல் முனகியது. இன்னும் ஒரு தடவைக்குத்தான் அதில் உயிர் இருந்தது. முழுதாக இறுகிவிட்டால் அதோடு சரி.

பஞ்சாயத்தைக் கூட்டச் சொன்னேன். கூடினார்கள்.

"தெற்கு பாடணும். வடக்கு வாயை மூடணும். கை முடியிற வரைக்கும்" என்றேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

தேசிங்கு மாமா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏன், நாங்க இன்னா நாறிப்போன மீனா? உன்னைத் தூக்கி வளர்த்தவன் நானு. எந்தெரு வாயை மூடணுமா?"

"ஆமா மாமா."

"யோவ் மச்சான், நீ சொல்லிக் குடுத்தியா?" என்று காத்தமுத்துப் பெரியப்பா பக்கம் திரும்பினார்.

"எனக்கே இப்பத்தான்யா தெரியுது" என்றார் பெரியப்பா. ஆனால் அவர் மீசை கொஞ்சம் தூக்கித்தான் இருந்தது.

"சரி, ஒரு பக்கம்தான் பாடணும்னா நாங்க பாடறோம், தெற்கு மூடட்டும்."

"அப்பச் சுண்டு விரலு வடக்காலயும் கட்டை விரலு தெக்காலயும் வரும். வலது கையில எடது கை முளைக்கும். அதை வெச்சிக்கினு முதுகுதான் சொறியலாம்."

நாலு பேர் சிரித்தார்கள். மாமாவுக்கு அது இன்னும் ஏறியது. "அவளைத் திருப்பிக் குந்த வையி! ஊரைப் பாத்துக் குந்தட்டும்! அப்பச் சுண்டு விரலு எங்க பக்கம் வந்துருமில்ல?"

அம்மா எழுந்தாள். எங்கள் கரையில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்: போன படகு வராமல் போய், இனி வராது என்று முடிவான வீட்டுக்காரி அப்படி உட்காருவாள்.

"நான் ஒருக்கா குந்திட்டேன் அண்ணே" என்றாள். "எம்மவளையும் அப்டி குந்த வெக்கணுமா? சொல்லு, வெக்கிறேன்."

எங்கப்பா போய்த் திரும்பாத படகை அன்றைக்குக் கடலில் தள்ளிவிட்டவர் தேசிங்கு மாமாதான். அவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். அப்புறம் தன் தெரு ஆட்களைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"வடக்கு மூடும். மூடறதுன்னா முழுசா மூடும். அரைகுறை வேலை எங்க தெருவுல கெடையாது."

பாட்டை நிறுத்தினால் போதும் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வடக்குத் தெரு சத்தத்தையே எடுத்துவிட்டது. சேவல்களைத் தெற்குத் தெருவுக்கு அனுப்பினார்கள், குக்கர் விசில் மேல் ஈரத்துணி கட்டினார்கள், அழுகிற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெற்கே ஓடிவந்து அழவிட்டு முடித்ததும் திரும்பத் தூக்கிப் போனார்கள், ஐஸ் வண்டிக்காரன் தெருமுனையில் மணியைக் கழற்றி டவுசர் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போனான். புருஷன் பெண்டாட்டி சண்டையெல்லாம் கையாலும் புருவத்தாலும் நடந்தது, அப்படிச் சண்டை போட்டதில் வாயால் சொல்ல முடியாத எத்தனையோ கெட்ட வார்த்தைகள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டன, அவை இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரு கல்யாணம்கூட நடந்தது, மேளக்காரர் நாதஸ்வரத்தை வாயில் வைத்து ஊதாமல் விரலை மட்டும் ஓட்டினார், தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்குப் பதிலாக எல்லோரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள்.

தெற்கு மட்டும் பாடியது. நான் கடலைப் பார்த்து உட்கார்ந்து, மொட்டையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். முதலில் ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. காத்தமுத்துப் பெரியப்பாவுக்குத் தொண்டை புண்ணாகி மிளகை மென்றுகொண்டே பாடினார். எங்கம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து மொட்டையைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சாயங்காலம் இறுகிய தோல் நடுவில் வெடித்து, மொட்டு வந்தது. காதில் வைத்தேன். நுனி வரிசை, "இன்னும், இன்னும்" என்று எழுந்துவிட்டது. வலது ஓரம் சுண்டுவிரல் என்றது, அதற்கு அடுத்தது மோதிரம் என்றது, நடு என்றது, ஆள்காட்டி என்றது, முதல் தடவை நான் கேட்கவே கேட்காத பெயர் அது. நாளாக ஆக மொட்டு உள்ளங்கை அளவுக்கு விரிந்தது, இடது ஓரத்துப் பொடிசுகள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. காத்துக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து மீன் வந்தது.

மத்தி. அந்தப் பருவம் முழுக்க எட்டிப் பார்க்காத மத்தி, அலைக்கு அந்தப் பக்கம் தண்ணீரே நிறம் மாறிக் கறுத்து நகர்கிற அளவுக்கு, மேலே பறவைகள் கூரை போட்ட மாதிரி கவிந்துகொண்டு வந்தது. விட்டால் போய்விடும், போனால் இரண்டு தெருவுக்கும் உலை கொதிக்காது. வலையை இறக்கினால் இழுக்க வேண்டும், இழுத்தால் வடக்குக் கயிறு பாட வேண்டும், பாடினால் என் கட்டைவிரல் சுண்டுவிரலாகப் போய்விடும்.

நான் எழுந்தேன். "போங்க. பாடுங்க" என்றேன். மனசார இல்லை. பொய்யாகத்தான் சொன்னேன், ஆனால் சொன்னேன்.

தேசிங்கு மாமா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, நாலாக மடித்து, வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். திரும்பித் தன் தெருவைப் பார்த்தார். வடக்குத் தெரு முழுக்கத் துண்டு, முந்தானை, லுங்கி நுனி, சட்டைக் காலர், எது கிடைத்ததோ அதைக் கடித்தது. வலையை இறக்கினார்கள், கயிறு கரைக்கு வந்தது, வடக்குத் தெரு வடக்குக் கயிற்றைப் பிடித்தது.

தெற்கு, "ஏலோ" என்றது. வடக்கு ஒன்றும் சொல்லாமல் அதே மூச்சில் காலை ஊன்றியது. "ஏலோ." இழுத்தது. "கறுத்த தண்ணி ஏலோ, வெளுத்த வயிறு ஏலோ." பாடுகிறவர்களைப் பார்க்காமல், கேட்டுக் கேட்டு, கேட்ட இடத்தில் குதிகாலைப் புதைத்து, ஒரே ஆள் மாதிரி இழுத்தது, பாடாத கயிறு தொய்யும் என்று பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நம்பிய ஜனம், தொய்ந்துவிடுமோ என்கிற பயத்திலேயே ஒரு நூல் தொய்யாமல் இழுத்தது, கழுத்து நரம்பெல்லாம் கயிறாகப் புடைத்து, துண்டெல்லாம் எச்சில் ஊறி, பின்னால் நடந்து நடந்து கடைசி ஆள் கயிற்றை விட்டு ஓடிவந்து முதல் ஆளாகப் பிடித்து, பல் மட்டும் தெரிகிற அத்தனை முகமும் கடலைப் பார்த்து இழுத்தது.

பாதியில் ஒரு பொடியனுக்கு வாய் நழுவிவிட்டது. "ஏ..." வந்துவிட்டது. 'லோ' வருவதற்குள் அவன் அம்மா அவன் வாயைத் தன் வயிற்றோடு சேர்த்து அமுக்கினாள். நான் கையைக் காதுக்குக் கொண்டு போனேன்.

"என்னவோ கேட்ட மாதிரி இருந்துச்சி?"

"இல்ல, காத்து."

"காத்தா? நல்லாக் கேளு."

ரொம்ப நேரம் கேட்டன. தேசிங்கு மாமாவின் உள்ளங்கையைக் கயிறு அறுத்தது, கயிற்றில் சிவப்பு ஓடியது, அவர் துண்டுக்குள் முனகக்கூட இல்லை. இடது ஓரத்துப் பொடிசு ஒன்று கடைசியில் சொன்னது: "ஒண்ணுமே கேக்கல."

"எனக்கும் கேக்கல."

"எனக்கும்."

"அப்ப நாமதான் கட்டை விரலு" என்று எல்லாம் ஒரே குரலாகச் சொல்லி, மற்ற நாலு பேரையும் விட்டுத் தனியாகத் திரும்பி நின்றன.

மடி கரையேறியது. கோணவில்லை. நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. அதற்குள் இருந்த மத்தியை எப்படிச் சொல்வது, வெள்ளியை உருக்கிக் கொட்டினால் துள்ளாது, இது துள்ளியது.

அவ்வளவுதான், வடக்குத் தெரு துண்டைத் துப்பிவிட்டுக் கத்தியது. அத்தனை நாள் விழுங்கிய சத்தம், சேவல் சத்தம், குக்கர் சத்தம், சண்டைச் சத்தம், கல்யாணத்தில் அடிக்காத கெட்டிமேளம் எல்லாம் சேர்ந்து ஒரே கத்தலாக வந்தது, பறவைக் கூரை பிய்ந்துகொண்டு போனது, கோயில் மணி தானாக ஆடியது.

நான் செத்தேன். போச்சு, எல்லாம் போச்சு, கட்டைவிரல் சுண்டுவிரலாகப் போச்சு என்று கையைக் காதில் அமுக்கினேன்.

"இன்னா சத்தம் இது?" என்றது சுண்டுவிரல்.

"எவனோ கத்தறான்" என்றது கட்டைவிரல். "கத்திக்கட்டும். நான் ஆனது ஆனதுதான்."

ஆகிற வரைக்கும்தான் கேட்கும். ஆன பிறகு எவன் கத்தினாலும் மாறாது. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் கத்தலை வேறு சில பேர் கேட்டார்கள். அதுவரை என் கை வாத்துக் கால் மாதிரி, ஐந்து விரலுக்கும் நடுவில் தோல் மூடித்தான் இருந்தது. அந்த நடுவில் நின்ற பொடிசுகள் எந்த விரலும் ஆகாதவை, விரலுக்கு விரல் அணைகொடுத்து நின்றவை. "வலை கரையேறிட்டுது போலருக்கு" என்றது ஒன்று. "அப்ப நம்ம வேலை முடிஞ்சுது" என்றது இன்னொன்று. எவரும் சொல்லாமல், சண்டை போடாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கி உதிர்ந்தன. தவிடு மாதிரி மணலில் விழுந்தது. அதுகள் போன இடத்தில் காற்று வந்தது, விரல் விரலாகப் பிரிந்தது. நுனி வரிசை கடைசியாக ஒரு தரம், "இன்னும்" என்று ஆரம்பித்து, சுற்றிப் பார்த்து, "போதும்" என்றது.

விரலை விரித்தேன். மடக்கினேன். கட்டைவிரல் நாலு பேருக்கும் எதிரே வந்து, சுண்டுவிரல் நுனியைத் தொட்டது.

கூட்டம் கூடிவிட்டது. ஒரு சித்தி என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்து, "ஐயையோ, ரேகையே இல்லியேடி! ஆயுசு ரேகை எங்க, கல்யாண ரேகை எங்க?" என்று மாரில் கை வைத்தாள். உண்மைதான், உள்ளங்கை பரோட்டா மாவு மாதிரி வழவழவென்று இருந்தது. அதற்கு என்ன பரிகாரம் என்று இரண்டு தெருவும் சமமாகச் சத்தம் போட ஆரம்பித்தன. தேசிங்கு மாமா கயிறு அறுத்த உள்ளங்கையில் ஈர மணலை அப்பிக்கொண்டு நடுவில் நின்று, "ரேகை இல்லன்னா எவனும் அவளுக்கு ஜோசியம் சொல்ல முடியாது, நல்லதாப் போச்சு" என்று கரகரத்தார். காத்தமுத்துப் பெரியப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. மாமா சிரித்த சிரிப்பு அடுத்த குப்பத்துக்குக் கேட்டிருக்கும்.

மீன் வெயிலில் கிடந்தது. அம்மாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. பெரிய கூடையில் மத்தியை வாரி வாரி, கோபுரம் மாதிரி நிரப்பி, இந்தப் பக்கக் காதைப் பிடித்துத் தூக்கப் பார்த்து, முடியாமல் நிமிர்ந்தவள் கூட்டத்துக்கு நடுவில் என்னைப் பார்த்துக் கத்தினாள்:

"எருமை! கையை எத்தினி நேரம் பாப்ப? அழுவிப் போவுதுடி மீனு! அந்தக் காதைப் பிடி!"

பிடித்தேன். தூக்கினோம்.